இடப்பக்கத் தாடை

ஈப்போ, மலாயா
14-8-1957

தங்கை சம்சுன் நிஹாருக்கு அண்ணன் சேக் அலாவுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் கப்பலேறி இரண்டு மாதம் ஆகிறது. வந்து சேர்ந்த செய்தியை உடனே எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. உன் மதினி அஜீசாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டுப் பெரியவர்களில் பேனா பிடிக்கிறவள் நீ ஒருத்தி. நீ எழுதவில்லை என்றால் என் பெண்டாட்டியும் மகளும் இருக்கிறார்களா இல்லையா என்று நான் யாரைக் கேட்பது?

ஹாஜா முகைதீன் மாமா எழுதியிருக்கிறார். நான் நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் நீ பள்ளிக்கூடத்தில் டீச்சராகக் கையெழுத்துப் போட்டுவிட்டாயாம். வேண்டாம் என்று நான் சொன்ன சொல் வாசலைத் தாண்டும்வரைகூட நிற்கவில்லை. உன் மாப்பிள்ளை யாக்கூப் மவுத்தான பிறகு உன்னை டிரெயினிங் படிக்க அனுப்பியது நான்தான். துக்கம் மறக்கட்டும் என்று அனுப்பினேன். இலுப்பூர் முழுக்கப் பார்க்கிற மாதிரி சாக்பீஸோடு நிற்பதற்கு அனுப்பவில்லை.

மாமா வந்தால் நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆக்கின கறியில் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லையாம். "வாயவே தொறக்க மாட்டேங்குது, அம்புட்டு வீம்பு" என்று சொல்லி எழுதியிருக்கிறார். யாரிடம் வீம்பு? கிளம்புகிற அன்று கோபத்தில் ஓர் அறை விட்டேன். அண்ணன் தங்கையை அறைந்தது உலகத்தில் நடக்காத காரியமா? அதற்கு இத்தனை நாள் முறைப்பா?

வேலையை விட்டுவிட்டு எனக்குப் பதில் எழுது.

சேக் அலாவுதீன்


இலுப்பூர், திருச்சி ஜில்லா
2-9-1957

அண்ணனுக்கு.

மதினியும் ஜொஹராவும் சுகம். உங்களுக்கு வேண்டிய செய்தி அதுதான் என்றால் இதோடு கடிதத்தை மடித்துவிடலாம்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. திறக்க முடியவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் மாமாவுக்குத் தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் அறைந்தது இடது கன்னத்தில். அப்போது நான் வேலை ஆர்டரை உங்களிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதி வார்த்தையில் வாய் திறந்திருந்தது. காதுக்கு முன்னால் என்னவோ நழுவியது மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து வாயைத் திறந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜொஹரா, "மாமி, ஒங்க வாய்க்குள்ள என்ன ஒடையுது?" என்று கேட்டாள்.

அப்புறம் வலி வந்தது. கறியை மெல்ல முடியாது. தோசையின் ஓரத்தை மெல்ல முடியாது. கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்கிக்கொள்கிறேன். சில நாள் காலையில் எழுந்தால் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருக்கும். மெல்ல மெல்ல அசைத்தால் மத்தியானத்துக்குத்தான் இளகும். அந்த வாயோடு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிறேன். பெருநாள் கறியை நான் ஏன் தொடவில்லை என்று மாமா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நேராக உங்களுக்கு எழுதிவிட்டார்.

மாமாவோடு பேசாதது மட்டும் கோபத்தால்தான். நீங்கள் அறைந்தபோது அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அறை விழுந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலையை விடமாட்டேன்.

சம்சுன் நிஹார்


ஈப்போ
20-9-1957

சம்சுவுக்கு.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே ஓர் அறையில் தாடை பூட்டிக்கொள்ளுமா? அத்தா என்னை அடித்த அடி உனக்குத் தெரியாது. அப்போது நீ தொட்டிலில் கிடந்தாய். புளியங்குச்சியால் அடிப்பார், பெல்ட்டால் அடிப்பார், வெறுங்கையால் கன்னம் கன்னமாக அறைவார். என் வாய் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வாயால்தான் இங்கே சீனனோடும் மலாய்க்காரனோடும் கத்தி வியாபாரம் செய்கிறேன்.

கடையில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். தாடை வலி என்றால் கடைவாய்ப் பல்லில் பூச்சி என்கிறார்கள். காதுவரைக்கும் இழுக்குமாம். இல்லாவிட்டால் வாயு. இல்லாவிட்டால் சின்னப் பிள்ளையிலிருந்து நீ கொட்டைப்பாக்கைக் கடித்துத் தின்ற தின்னு. இதில் ஒன்றுகூட உனக்குத் தோன்றவில்லை, அண்ணன் கைதான் தோன்றியது.

பல்லைப் பிடுங்க ஏற்பாடு செய்யச் சொல்லி மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். மறுக்காமல் போ. பல் போனால் வலி போகும். வலி போனால் பழியும் போகும்.

சேக் அலாவுதீன்


இலுப்பூர்
27-10-1957

அண்ணனுக்கு.

பல் போய்விட்டது. வலி போகவில்லை.

சந்தையன்று வரும் பல் வைத்தியரிடம் மாமா கூட்டிப்போனார். "எந்தப் பல்லும்மா?" என்றார் அவர். "பல்லு வலிக்கலைங்க, காதுக்கு முன்னாடிதான் வலிக்குது" என்றேன். "அம்புட்டும் கடவாப்பல்லு பண்ற வேலை" என்று சொல்லி வாய்க்குள் இரும்பை வைத்து நெம்பினார். திறக்காத வாயை அப்படித்தான் திறந்தார். பல் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது, ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. மாமா அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த நாளிலிருந்து என் வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. கஞ்சியை உறிஞ்சிக் குடித்தேன். வகுப்பில் பேச முடியாமல் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் போட்டேன். மதினிதான் பொறுக்கமாட்டாமல் மாமாவிடம், "நீங்க வரலைன்னா நானே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன், பஸ்ஸு எங்கிட்டு நிக்கிதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள். மாமாவும் வந்தார். விராலிமலை வரைக்கும் ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் என் காதுக்குள் விழுந்தது.

திருச்சியில் நாங்கள் பார்த்தவர் படித்த பல் டாக்டர். பல்லைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விரலை என் இரண்டு காதுக்கும் முன்னால் வைத்து, "முடிஞ்ச வரைக்கும் தொறந்து மூடும்மா" என்றார். திறக்கும்போது என் முகவாய் இடப்பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறதாம். அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்றார். முழங்கால் மாதிரி, தோள் மாதிரி, தாடைக்கும் மூட்டு உண்டு. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கும். அது இடம் விட்டு நழுவினால் சத்தம் வரும். நழுவினது திரும்பாமல் குறுக்கே நின்றுகொண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். காதில் நோய் இல்லாமலே காது வலிக்கும், தலை வலிக்கும்.

பிறகு கேட்டார். "தாடையில எப்பவாச்சும் அடிபட்டுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "தடுக்கி விழுந்துருச்சுங்க, படிக்கட்டுல" என்றார்.

நம் வீட்டில் படிக்கட்டே இல்லை, அண்ணே.

"இல்லைங்க டாக்டர். எங்க அண்ணன் அறைஞ்சாங்க" என்றேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், ஆனால் எழுந்து போகவில்லை.

அதுதான் காரணமா என்று கேட்டேன். டாக்டர் நேர்மையாகச் சொன்னார். "அறையும் காரணமா இருக்கலாம். பல்லைப் பிடுங்க வாயை நெம்புனதுல கூடியிருக்கும். தூங்குறப்ப பல்லை நறநறன்னு கடிக்கிற பழக்கம் இருக்கா? ஒன் பல்லெல்லாம் மேல தேஞ்சுருக்கேம்மா. கவலையும் கோவமும் உள்ளவங்க தன்னையறியாம கடிப்பாங்க. ஒண்ணு மேல ஒண்ணு சேந்துதான் இப்படி ஆகும்." நான் கடிக்கிறேன் என்று மதினி அங்கேயே சொன்னார்கள். நீங்கள் போன நாளிலிருந்து கடிக்கிறேனாம்.

வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு, மெல்ல மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் சேரக்கூடாது. பகலெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களை நினைத்தால் பல் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

சம்சுன் நிஹார்


ஈப்போ
18-11-1957

சம்சுவுக்கு.

ஓர் அந்நிய மனிதனுக்கு முன்னால், அதுவும் மாமாவை வைத்துக்கொண்டு, என்னைப் பெயர் சொல்லாத குறையாகக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். மாமாவுக்கு அன்று முழுக்கத் தண்ணீர் இறங்கவில்லையாம். உனக்குத் தாடை நழுவியது. எனக்கு மானம் நழுவியது. அதற்கு எந்த டாக்டர்?

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். டாக்டர் என்ன சொன்னார்? 'இருக்கலாம்' என்றார். நிச்சயம் என்று சொல்லவில்லை. பல் தேய்ந்திருக்கிறது, நீயே கடிக்கிறாய் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் உன் தாடையைக் கெடுத்தது உன் பல்தானே? அதைக் கடிக்கச் சொல்லி நான் ஈப்போவிலிருந்து தந்தி அடித்தேனா? இந்த வேலையை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் கவலை ஏது, கடிப்பது ஏது?

அடுத்த பக்கத்தில் உள்ளதை அஜீசாவுக்குப் படித்துக் காட்டு.

அஜீசா, ஜொஹராவின் படிப்பை இந்த அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிடவும். பெண் பிள்ளை மேற்கொண்டு படித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஏப்ரலுக்கு மேல் அவள் வாசலைத் தாண்டக்கூடாது. அடுப்பு வேலையும் தையலும் பழகட்டும். அவள் மாமியைப் பார்த்துக் கெட்டது போதும்.

சேக் அலாவுதீன்


இலுப்பூர்
5-1-1958

அண்ணனுக்கு.

உங்கள் கடிதம் வந்த அன்று என் வாய் மறுபடியும் பூட்டியிருந்தது. பனிக்காலத்தில் அப்படி ஆகிறது. அதனால் நான் படித்துக் காட்டவில்லை. மதினி ஆசையாக, "ஜொஹரா, நீ படிம்மா, ஒங்க அத்தா என்ன எழுதியிருக்காகன்னு பாப்போம்" என்றார்கள். முதல் பக்கம் எனக்குரியது என்று மடித்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்திருக்கவில்லை. அவசரமாகக் கொடுத்தேன். அந்த அவசரத்துக்காக என்னையே அறைந்துகொள்ளலாம்.

அவள் எழுந்து நின்று, வகுப்பில் வாசிப்பது மாதிரி வாசித்தாள். 'ஜொஹராவின் படிப்பை இந்த அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிடவும்.' நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. 'அவள் மாமியைப் பார்த்துக் கெட்டது போதும்' வரைக்கும் ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தாள். உங்கள் பெயரையும் வாசித்தாள். தாளை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காரணம் பற்றி எழுதியிருந்தீர்கள். டாக்டர் 'இருக்கலாம்' என்றது உங்களுக்கு நிழல் மாதிரி கிடைத்திருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அறை என்றால் உங்கள் அறை. பல் பிடுங்கியது உங்கள் உத்தரவு. பல்லைக் கடிப்பது உங்களை நினைத்து. டாக்டருக்கு மூன்று காரணம் தெரிந்தது. எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா போன மாதம் வந்தார்கள். நான் பாடத்தை வாய்விட்டு வாசிப்பதில்லை, பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறேன் என்று குறை எழுதிவிட்டார்கள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானமணி டீச்சர், "ஒடம்புக்கு முடியலைம்மா அந்தப் பொண்ணுக்கு, வேலையில கொறை இல்ல" என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த தடவை வரும்போதும் இப்படி இருந்தால் வேலை நிற்காது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

சம்சுன் நிஹார்


ஈப்போ
30-1-1958

சம்சுவுக்கு.

என் பிள்ளை, என் முடிவு. நடுவில் நீ யார்? கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கவிட்டது தவறி நடந்ததா, வேண்டுமென்றே செய்தாயா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று வருத்தமாக இருக்கும், நாளைக்கு மறந்துவிடும். ஜொஹரா விஷயமாக இனி ஒரு வரி எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

சேக் அலாவுதீன்


இலுப்பூர்
2-4-1958

அண்ணனுக்கு.

பிரிக்க மாட்டேன் என்றீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் கடைசிவரை படியுங்கள்.

நோன்பு தொடங்கியதிலிருந்து ஜொஹரா காது வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மதினி வெள்ளைப்பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டார்கள். கேட்கவில்லை. அன்றைக்கு நோன்பு திறக்கும்போது வடையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "ஏன் திங்கலை?" என்றேன். "மெல்லும்போது சத்தம் வருது மாமி" என்றாள். அவள் காதுக்கு முன்னால் என் விரலை வைத்து, வாயைத் திறக்கச் சொன்னேன்.

டொக்.

இந்தப் பிள்ளையை யாரும் அறையவில்லை. பல் பிடுங்கவில்லை. கொட்டைப்பாக்கு தின்னவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பல்லை அரைக்கிறாள், அண்ணே, அரிசி களையும்போது கல் உரசுகிற மாதிரி. எப்போதிருந்து என்று மதினியைக் கேட்டேன். "அந்தக் கடுதாசி வந்ததுலேருந்து" என்றார்கள்.

என்னை அறைய நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. இவளுக்கு ஒரு தாளே போதுமாக இருந்தது.

திருச்சிக்கு அழைத்துப் போனோம். இந்தத் தடவை மாமாவைக் கூப்பிடவில்லை. பயப்பட வேண்டாம், சின்ன வயசு, ஆரம்பம், காரணத்தை எடுத்துவிட்டால் தானே சரியாகும் என்றார் டாக்டர். "வீட்டுல பிள்ளைக்கு என்ன கவலை?" என்று கேட்டார். மதினி பதில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் உங்களுக்கு எதிராக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. "அவுக அத்தா படிக்க வேண்டாம்னுட்டாக. புள்ள உள்ளுக்குள்ளயே வச்சுக் கடிக்கிது" என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி இன்னொன்றும் சொன்னார்கள். கலியாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் வலப்பக்கம்தான் மெல்லுவீர்களாம். கொட்டாவி விடும்போது கன்னத்தைக் கையால் பிடித்துக்கொள்வீர்களாம். "ஏன்னு கேட்டா சும்மான்னுருவாக" என்றார்கள். உங்கள் வாய் நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தீர்கள்.

மகளின் தாடை உங்கள் கையில் இருக்கிறது. என்னுடையதை விடுங்கள், அது போனது போனதுதான்.

சம்சுன் நிஹார்


ஈப்போ
11-5-1958

சம்சுவுக்கு.

உன் கடிதம் வந்தவுடன் கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. பெருநாளன்று கடை மூடியிருந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இடப்பக்கம் மென்று பார்த்தேன். எத்தனையோ வருஷம் கழித்து மென்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இங்கே ஒரு சீனப் பல் டாக்டர் இருக்கிறார். போனேன். அவரும் காதுக்கு முன்னால்தான் விரலை வைத்தார். மூட்டு தேய்ந்திருக்கிறதாம், பழைய கோளாறாம். சின்ன வயதில் தாடையில் அடி விழுந்ததா என்று மலாயில் கேட்டார்.

நான் இல்லை என்றேன். மரத்திலிருந்து விழுந்தேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அத்தா மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சீனனுக்கு அவரைத் தெரியவும் தெரியாது.

நீ வைத்த பழிகளை எல்லாம் நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைக்காதே. வேலை விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. மாமாவை மரியாதையாக நடத்து.

ஜொஹராவை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடு. அவளுக்குக் காது வலி நின்றதும் எழுது. நின்றது என்று மட்டும் எழுது, நிற்காமல் எழுதாதே.

சேக் அலாவுதீன்


இலுப்பூர்
19-6-1958

அண்ணனுக்கு.

வலி நின்றது. சத்தம் இன்னும் லேசாக இருக்கிறது. ஆனால் முறுக்கு தின்கிறாள், வேண்டாம் என்று நாங்கள்தான் பிடுங்கி வைக்கிறோம். தூங்கும்போது பல் கடிப்பது குறைந்திருக்கிறது. அது என்றைக்குக் குறையத் தொடங்கியது என்று நான் எழுத வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவளைச் சேர்க்க நான் போகவில்லை. எனக்கு என் வகுப்பு இருந்தது. மதினி தனியாக அழைத்துப் போனார்கள். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், "அவங்க அத்தா வரலையா?" என்று கேட்டிருக்கிறார். "மலாயாவுல இருக்காக. சேக்கச் சொல்லி எழுதிட்டாக. எனக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருவிரல்தான். ஆனா புள்ள ஏம் புள்ளதான்" என்று சொல்லிவிட்டு உருட்டி வைத்தார்களாம். வீடு வரும்வரை அந்த மையைத் துடைக்கவில்லை. உங்கள் பெண்டாட்டியை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டரம்மா மறுபடி வந்தார்கள். ஒரு பக்கம் வாய்விட்டு வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் தாடை இடறியது. என்னை இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வேலை இருக்கிறது. நான் முன்போல் கறி கடித்துச் சாப்பிடுவேன் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அந்தச் சீன டாக்டரிடம் மறுபடி போங்கள். மரம், படிக்கட்டு எதுவும் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கு அத்தாவைத் தெரிய வேண்டாம், உங்கள் மூட்டைத் தெரிந்தால் போதும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பல்லோடு பல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தா உங்களை அடித்தது அக்கிரமம்தான். அதனால் நீங்கள் என்னை அடித்தது சரியாகிவிடாது. உங்கள் மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை, நீங்கள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதவும் இல்லை. அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது மீதியை நேரில் சொல்கிறேன். சத்தமாகச் சொல்கிற அளவுக்கு இப்போது என் வாய் திறக்கிறது.

சம்சுன் நிஹார்